இடுப்பளவு கண்டல்

எங்கள் வீட்டுக்கும் கடலோடு சேரும் வாவிக்கும் நடுவில் சேற்றில் நின்ற கண்டல் மரங்களை, யுத்த காலத்தில், ஆமிக்காரர் வெட்டினார்கள். மறைவில் ஆள் பதுங்கலாம் என்பது காரணம். அடுத்த மாரியில் கரை இடிந்து, உப்புத்தண்ணீர் முற்றம்வரை வந்தது. முருங்கை பட்டுப்போனது. இனி வரும் மாரிகளுக்கு இந்த வீடு தாங்குமா என்று, மகனின் தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் யோசித்தேன்.

என் கணவர் தோணியில் அக்கரைக்குப் போய், முருங்கைக்காய் போல நீண்ட கண்டல் காய்களைக் கொண்டுவந்தார், கரையில் நடுவதற்கு. அவருடைய அம்மா, என் மாமி, வயலில் வளர்ந்தவர். சேற்றில் படர்ந்திருந்த உமிரிப் பூண்டைப் பிடுங்கத் தொடங்கினார்.

“அது கிடக்கட்டுமே மாமி?”

“களைக்குள்ள ஆருகா பயிர் வைக்கிற? படிச்ச புள்ளைக்கு இதும் தெரியாதா?”

பள்ளியில் உயிரியல் படித்திருந்தும், நானும் குனிந்து உமிரியைப் பிடுங்கினேன். மழை இறங்கியதால் ஒரு மூலையில் மட்டும் உமிரி மிஞ்சியது. அதற்குள்ளும் அவசரமாகக் காய்களை ஊன்றிவிட்டு ஓடிவந்தோம்.

வெறுஞ்சேற்றில் நட்டவற்றை நண்டுகள் தின்று தீர்த்தன. உமிரிக்குள் நின்றவை தப்பின. நண்டுகளின் கண்ணில் படவில்லையோ, உமிரி நிழலில் சேறு காயாமல் இருந்ததோ, இன்றும் எனக்குத் தெரியாது.

“பதுங்கினதுகள்தான் தப்பியிரிக்கு,” என்றார் மாமி. சிரித்துவிட்டு, உடனே, ஆமிக்காரர் ரோந்து வரும் ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சில வருடங்களில் கண்டல்கள் வேர் ஊன்றின. வேர்களுக்கிடையில் சேறு தங்கியது. அந்த மூலையில் மட்டும் கரை இடியவில்லை. ஒருநாள் ரோந்து வந்த ஆமிக்காரர் ஒருவர் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார்.

“இதுக்கு மேல வேணாம்.”

அவர் போனபின் கணவர் மெதுவாகச் சொன்னார்: “தலைய வெட்டினா கண்டல் மறுகா துளிர்க்காது.”

அதன்பிறகு காலையில் எழுந்ததும் போய்ச் செடிகளின் பக்கத்தில் நின்று பார்ப்பேன். வளரவும் வேண்டும், வளரவும் கூடாது. இடுப்பைத் தாண்டியதும் கணவரே வெட்டினார். ஒன்றும் துளிர்க்கவில்லை. பட்ட தண்டுகளைச் சுற்றி உமிரி மட்டும் பச்சையாக நின்றது. அடுத்த மாரியில் அதுவும் கரையோடு போனது. அடுப்போடு குசினிச் சுவர் விழுந்த அன்றே நகரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அங்கே ஒருநாள் மாமி என் மகனை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்.

“பாருகா, உன்ட இடுப்புக்கு வந்திட்டான்!”

நான் அவன் கையைப் பிடித்து இழுத்து, நிலத்தில் குந்தவைத்தேன்.