புடவை பார்க்க வந்தவர்கள்

பதினோராம் வகுப்பில் நான் உளவியலை எடுத்தபோது, முகத்தைப் பார்த்தே பிறர் மனத்தைச் சொல்லும் படிப்பு அது என்று எங்கள் வீட்டார் நம்பினார்கள். அப்படி எதுவும் இல்லை என்பதுதான் பாடநூலின் முதல் அத்தியாயம். அதை அப்பாவுக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். தொழில் ரகசியத்தை யார்தான் வெளியே சொல்வார்கள் என்பதுபோல அவர் தலையாட்டினார்.

சேவூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அப்பா பட்டுப்புடவை விற்றார். எங்கள் வட்டாரத்து வியாபார வீடுகளுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதல் முறை அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. புடவை பார்ப்பதாக வருவார்கள். பிடிக்காவிட்டால் நிறம் சரியில்லை என்று எழுந்துபோகலாம். இரு தரப்புக்கும் மரியாதை மிஞ்சும்.

அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிவாகாமல் அனுப்புவதில்லை என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். வேலையில் சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மகனோடு வந்த வாடிக்கையாளர் எவரையும் எங்கள் வீடு சும்மா விடவில்லை.

வெம்பாக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தபோது, அம்மா என்னை உள்கதவோரம் நிறுத்தினாள்.

“இன்னாடி தெரியுது?”

“போனப் பாக்கறாரு. புடவையப் பாக்கறாரு. மறுபடி போன்.”

“படபடப்பா கீறாரா?”

“தெரியலமா. வேர்க்குது.”

“ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துகினு வேர்க்குதுன்னா இன்னா அர்த்தம்? இது கூட தெரியலன்னா இன்னாத்துக்குப் படிக்கிற?”

கவனிப்பதற்கும் முடிவு கட்டுவதற்கும் இடையிலான தூரத்தை எங்கள் ஆசிரியை வாரக்கணக்கில் விளக்கிவந்தார். அம்மா அதை அடுப்படிக்குப் போகும் வழியிலேயே கடந்துவிட்டாள். கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. தலை நிறையப் பூவோடு அக்கா வந்து புடவைகளை விரித்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். “ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா?”

“புடவைக்கு எதுக்குங்க ஜாதகம்?” என்றார் அந்தத் தாய், பஜ்ஜியைக் கையில் வைத்தபடி. “இவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணுக்குத்தான் போட்டோ அனுப்பிகினே கீறான். அது ஒண்ணொண்ணா வேணாம் வேணாம்னுது.”

மகன் பாவமாகப் போனைத் திருப்பிக் காட்டினான். முதலில் சிரித்தது அக்காதான்.

அவர்கள் அரக்கு நிறத்தில் ஒரு புடவை வாங்கிக்கொண்டு, இப்படி உபசரிக்கும் கடையைப் பார்த்ததே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாளே எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்: “ஜாதகம் கொண்டாந்தா தள்ளுபடி உண்டாங்க?”

ஒரு வாரம் பொறுத்த அப்பா அக்காவை அழைத்தார். “ஒரே பேஜாரா கீது. நீ போய் வேலைல சேருமா. இந்தப் பேச்சு அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

அக்காவின் பெட்டி அதற்குள் தயாராக இருந்தது. அவள் அதை எப்போது கட்டினாள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் அனைவரும் வந்துபோகிறவர்களின் மனத்தைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அவள் சென்னையிலேயே தங்கிவிட்டாள். தனக்குப் பிடித்தவரைப் பின்னர் அங்கேயே மணந்துகொண்டாள். அம்மா காலமாகிவிட்டாள். சேவூர் வீட்டில் இப்போது அப்பாவும் நானும் இருக்கிறோம்.