மூணு தரம்

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, யார் மனசாவது சபலப்படுகிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "மூணு தரம்!" என்று கவிழ்த்த பெட்டியில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்பார். தக்காளி கைமாறிவிடும். காய்கறிச் சந்தை ஏலக்காரரின் தொண்டை, கிரைண்டரில் ஜல்லியைப் போட்ட மாதிரி. அதில் அவருக்கு வெட்கம் கிடையாது, கர்வம்தான். "என் சத்தம் போற தூரம் காக்கா கூடப் பறக்காது" என்பார்.

குளித்து, வெள்ளைத் தொப்பி வைத்து, நபிகள் புகழ் பாடும் மஜ்லிஸுக்கு வந்தாலும் அதே தொண்டைதான். முன்னால் ஒருவர் பைத்து என்னும் புகழ்ப்பாட்டைப் பாட, ஒவ்வொரு அடி முடிவிலும் கூட்டம் சேர்ந்து நபிகளை வாழ்த்தும் ஸலவாத்து சொல்லித் திருப்ப வேண்டும். அதை முதலில் எடுப்பவர் இவர். பின்வரிசைத் தூணில் சாய்ந்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எடுப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார்கள். ராகம் அவர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

இந்த முறை பாட வந்தவர் தேன்குரல் இளைஞர். எதிரொலி போடும் புது மைக் செட். பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பப் போகிறார்களாம். பொறுப்பாளர், ஏலக்காரரின் சொந்த மருமகன். வாசலிலேயே மடக்கினார்: "மாமா, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் மனசுக்குள்ளயே சொல்லிக்குங்க."

"மனசுக்குள்ள ஏலம் விட்டா எவன் மாப்ளே கேப்பான்?"

கேட்டாரே தவிர, போய்த் தூணடியில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது அடியிலேயே வண்டி குடை சாய்ந்தது. முன்வரிசை சொல்லி முடிக்கும்போது, எதிரொலியை நம்பிய பின்வரிசை அப்போதுதான் தொடங்கியது. நடுவில் இருந்தவர்கள் இரண்டுக்கும் இல்லாமல் விழித்தார்கள். யாருக்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் பாடகர் நின்றேவிட்டார். மருமகன் எழுந்து, தலைகளுக்கு மேலே இரண்டு கையையும் ஆட்டினார்.

"மாமா! எடுங்க மாமா!"

எடுத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த மூச்சில் கூடம் முழுக்க ஒரே வாய். வழக்கமாக உதட்டை மட்டும் அசைக்கும் நானும் கத்தினேன், உடம்பெல்லாம் புல்லரித்தது. பாடகர் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குத் தாவினார். மருமகன் எதிரொலிக் குமிழை அடியோடு திருகி அணைத்தார். அதற்கப்புறம் ஓரிடத்திலும் பிசகவில்லை.

கடைசி ஸலவாத்து முடிந்து கூடம் அடங்கியது. ஏலக்காரர் கண்ணைத் திறந்து மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, தரையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி அடித்தார்.