முதலில் சின்னப் படகு

பெயிண்டர் இப்போதெல்லாம் முதலில் சின்னப் படகில்தான் கை வைக்கிறார். கப்பல் முதலாளிகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரிய கப்பல் பெயரில்லாமல் நிற்க, ஆபத்துக்கென்று ஓரத்தில் தொங்குகிற பத்துப் பேர் படகுக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

கப்பல்களுக்குப் பெயர் எழுதுவது அவருக்கு நாற்பது வருஷத் தொழில். சின்னப் படகுக்கென்று சொந்தப் பெயர் கிடையாது. அதைச் சுமக்கிற கப்பலின் பெயர்தான் அதற்கும். கடலில் தனியாக அகப்பட்டால் எந்தக் கப்பலுடையது என்று தெரிய வேண்டுமே. கப்பல் கைமாறிப் பெயர் மாறினால் படகிலும் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதை எழுத வேண்டும். கட்டிக்கொண்டவன் பேரை மாற்றினால் இதுவும் மாற்றிக்கொள்ள வேண்டும், பாவம் என்று கிண்டலடிப்பார்.

மருமகன் இன்ஜின் வேலை பார்த்த கப்பலும் அப்படிக் கைமாறியது. பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் முன்னும் பின்னும் புதுப் பெயர் பளபளத்தது. படகு மட்டும் பாக்கி. மருமகன் வந்து கூப்பிட்டான்.

"விடுங்க மாமா, திரும்பி வந்ததும் எழுதிக்கலாம். சோறு ஆறுது."

இவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கூடவே போனார். அன்று இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் கப்பல் மூழ்கியது. செய்தி அனுப்பக்கூட நேரமில்லை. கவிழ்ந்து மிதந்த படகைப் பார்த்த மீன்பிடிக்காரர்கள் அதிலிருந்த பெயரை வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அந்தப் பெயரில் இப்போது கப்பலே இல்லை, எப்போதோ கழற்றிப்போட்ட படகாக இருக்கும் என்று ஆபீஸில் ஒரு குமாஸ்தா கோப்பை மூடிவிட்டான். கப்பலோடு தொடர்பே இல்லை என்று தெரிந்து தேடப் போவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் உயிரோடு கிடைத்தார்கள். மருமகன் தங்களை மீட்ட அன்று விடிகிற வரை தங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தான் என்று சொன்னார்கள்.

மகள் அழுது ஓய்ந்ததும் குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டாள். பெயரை ஒழுங்காகப் பார்க்காமல் விட்டவன் அவன்தான் என்று தினமும் சபித்தாள்.  பெயிண்டரோ, உண்மையைச் சொன்னால் இருக்கிற ஒரே பிள்ளையும் தன் முகத்தில் விழிக்கமாட்டாளே என்று பயந்தார். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். குமாஸ்தாவை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி அவள் மனு எழுத உட்கார்ந்த அன்று, அதற்குமேல் முடியவில்லை.

"அவன் மேல தப்பு இல்லம்மா. படகுல இருந்தது பழைய பேரு. நான்தான் எழுதாம விட்டுட்டு வந்தேன்."

மருமகன் கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. போனவன் தலையில் எதற்குப் பழி, எல்லாம் தன்னோடு போகட்டும் என்று நினைத்தார்.

அவள் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"கிளம்பறதுக்கு முந்தின நாளாப்பா?"

தலையாட்டினார்.

"என்ன வேலையா இருந்தாலும் விட்டுட்டு வரச் சொல்லுங்க, சோறு ஆறுதுன்னு அவரை அனுப்பினதே நான்தானேப்பா."

 என்னை யாரும் வந்து கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்று பெயிண்டர் அவசர அவசரமாகச் சொன்னார். அன்று இருவரும் சேர்ந்து வந்தபோது வாசலில் அவர் கைப் பெயிண்ட் போக மண்ணெண்ணெய் ஊற்றியவளே அவள்தான். பக்கத்தில் மருமகன் துண்டோடு நின்றிருந்தான்.