பக்கத்து வயல்காரன் சாட்சி

1. கரிச்சட்டி

டெபுடி டைரக்டர் வரப்பில் நிற்கிறார். உத்தமபாளையத்திலிருந்து மாட்டுவண்டிகளில் வந்திறங்கிய குடும்பஸ்தர்கள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு போகம் முழுக்க நான் காவல் காத்து வளர்த்த நெல், கதிர் கனத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. அந்த வயலின் சொந்தக்காரன் பெத்தணன் வாயைத் திறந்து, "அம்புட்டும் பதருய்யா" என்றான்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. நான் விவசாய இலாகாவில், புது உரங்களை வயலில் போட்டுக் காட்டுகிற உத்தமபாளையம் பகுதி டெமான்ஸ்ட்ரேட்டர். அமோனியம் சல்பேட் போட்டு விளைந்த அரிசியைத் தின்றால் வயிறு வலிக்கும், பழைய சோறு காலைக்குள் ஊசிப்போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த உரத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் சீமை உப்பு. சீமை உப்பு நெல் என்றால் வாங்க ஆளில்லை. ஆகவே, சாப்பிடுகிறவர்களை வயலுக்கே அழைத்து வந்து விளைவிக்கிறவனோடு நேருக்கு நேர் பேச விடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. என் பகுதியில் நானும், சின்னமனூர்ப் பகுதியில் அங்குள்ள டெமான்ஸ்ட்ரேட்டர் பாலசுந்தரமும் ஒரே நாளில் நடத்த வேண்டியது. யார் நன்றாக நடத்துகிறாரோ அவருக்கு மதுரையில் காலியாக இருந்த ஸ்தானம். என் மனைவி மதுரைக்காரி. வெள்ளிப் பாத்திரங்களை அதற்குள் மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

பாலசுந்தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டையில் எப்போதும் ஒரு பித்தான் இருக்காது. டயரி எழுத மாட்டார். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். எனக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்.

நானோ முறைப்படி எல்லாம் செய்திருந்தேன். உரம் போட்ட பாத்தி, போடாத பாத்தி, இரண்டுக்கும் பலகை. லெக்சர் மனப்பாடம். வயல் நடுவே பெத்தணன் கண்ணேறுக்காகக் கம்பில் கவிழ்த்திருந்த, சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிச்சட்டியைக்கூட முதல் நாளே எடுக்கச் சொல்லிவிட்டேன். விஞ்ஞான வயலில் அது எதற்கு?

என் லெக்சர் முடிந்ததும் காதர் ராவுத்தர் முன்னே வந்தார். வருஷத்து நெல்லை மொத்தமாக வாங்கிப் போடும் பெரிய குடும்பம் அவருடையது.

"ஏம்ப்பா பெத்தணா, வெளைச்சல் எப்படி?"

"என்னத்தச் சொல்ல ராவுத்தரே. கஞ்சிக்குக் காணுமோ என்னமோ."

"கதிரப் பாத்தா அப்படித் தெரியலியே?"

"பாக்கத்தான் பவுசு. உள்ள ஒண்ணுமில்ல. பதரு."

"அப்ப இந்தச் சீமை உப்பாலதான் போச்சா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

விளைந்த பயிரை அயலார் முன்னால் எவனும் நல்லது என்று சொல்ல மாட்டான். பத்துக் கண் ஒன்றாக மேய்கிற நேரத்தில் சட்டியும் இல்லையென்றால், சட்டியின் வேலையை வாய்தான் செய்ய வேண்டும். பெத்தணன் செய்தான். ராவுத்தர் வண்டியைப் பார்த்து நடந்தார்.

2. சின்னமனூர் வாய்க்கால்

மத்தியானம் எல்லோரும் பாலசுந்தரத்தின் இடத்துக்குப் போனோம். பலகை இல்லை. லெக்சர் இல்லை. கரிச்சட்டி மட்டும் கம்பீரமாக நின்றது. என் வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது போலிருந்தது.

வயல்காரன் சடையன் தலையைக் குனிந்துகொண்டு, "பதருதாஞ் சாமி" என்றான். எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி.

பாலசுந்தரம் சிரித்துக்கொண்டே வரப்புக்கு அந்தப் பக்கம் கைகாட்டினார். பக்கத்து வயலில் சடையனின் பங்காளி வீரணன் நின்றிருந்தான். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சே கிடையாது. சடையன் வயலைப் பார்ப்பதற்காகவே அவன் தினமும் தன் வயலுக்கு வருவான் என்று பேச்சு.

"வீரணா, இவுக கேக்குறாக. நீ சொல்லு" என்றார் பாலசுந்தரம்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அவனுக்கென்ன, கொடுத்து வச்ச பய!" என்று ஆரம்பித்தான் வீரணன். "பதராம்ல பதரு! இங்கன வந்து கருதத் தூக்கிப் பாருங்க. கை வலிக்கும். அங்கன கெடக்கு பாருங்க என் வயலு. ஒரே வாய்க்காத் தண்ணி, ஒரே நாத்து. எனக்கு ஆட்டுக்கிடை மட்டுந்தேன். அவன் தொழுவுரத்தையும் அடிச்சு, களையெடுத்தப்புறம் அந்த உப்பையும் தூவுனான். பச்சை பிடிச்சுப் போச்சு. எனக்குத் தூக்கம் போச்சு."

ராவுத்தர் கேட்டார்: "தின்னா வயிறு வலிக்குமாமே?"

"போன போகத்துலயும் இதே உப்புத்தேன். அப்ப இருந்து அவன் புள்ளகளத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒண்ணுக்காவது வலிக்கணுமே! உருளை உருளையாத் திரியுதுக."

வாத்தியார் வீட்டு அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பழைய சோறு நிக்குமா?" என்றாள்.

"நிக்குது ஆத்தா. இவன் தூக்குச்சட்டிய வரப்புல வச்சிட்டு மடை திருப்பப் போனான். தெறந்து மோந்து பாத்தேன். உச்சிப்பொழுதாகியும் மணக்குது, பாழாப்போனது."

"அடப்பாவி, என் கஞ்சிச் சட்டியவா தெறந்த!" என்று சடையன் நிமிர்ந்தான். கூட்டம் சிரித்தது. ராவுத்தர் சிரிக்கவில்லை. சடையனைத் தனியே அழைத்துப் போய் அந்த நெல் முழுவதையும் பேசி முடித்தார். வாத்தியாரம்மாள் தனக்கும் ஒரு மூட்டை என்றாள்.

3. என் சாட்சி

திரும்பும்போது டெபுடி டைரக்டர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். "பாலசுந்தரம் நடத்தியதைப் பற்றி உம் அபிப்பிராயம் என்ன?" என்றார்.

காத்திருந்தவன் நான். ஒன்றுவிடாமல் சொன்னேன். உரமில்லாத பாத்தி என்று தனியாக ஒன்று போடவேயில்லை. பங்காளி வயலையே அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டார். மூடநம்பிக்கைச் சட்டியை எடுக்கவில்லை. விரோதம் உள்ள மனிதனைப் பேச விட்டார். அதிலும், எந்தப் பயிரை எவன் தினம் பார்க்கிறான் என்பதை விசாரித்து வைத்திருக்கிறார். அதற்காக ஒரு போகம் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். "கடைசியில், சார், அவர் ஒரு விஷயத்தைக்கூடத் தானாக விளக்கவில்லை. எல்லாவற்றையும் விவசாயியே சொல்லிவிட்டான்" என்று முடித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"வீரணன் சொன்னதை இன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். நீர் சொன்னதை நானும் நம்புகிறேன்" என்றார்.

மறு மாதம் பாலசுந்தரம் மதுரைக்குப் போனார். வழியனுப்பப் போயிருந்தேன். அன்றைக்கும் பித்தான் இல்லை. என் மனைவி வெள்ளிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த உத்தியோகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு வயலின் நிலவரம் தெரிய வேண்டுமானால் சொந்தக்காரனைக் கேட்காதீர்கள். வயிறு எரிந்துகொண்டு வரப்பில் நிற்கிறவன் எவன் என்று விசாரித்து, அவனைக் கேளுங்கள். மனிதர்கள் விஷயத்திலும் அப்படியே. பாலசுந்தரத்தின் முப்பது வருஷ சர்வீஸையும் என்னால் இன்றும் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

என் சர்வீஸ் எப்படி என்று கேட்டால், நானும் பதர் என்றுதான் சொல்வேன். உண்மையைச் சொல்ல வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். ஆனால் என்னைப் பார்த்து வயிறெரிந்தவர் என்று ஒருவர்கூட எனக்கு வாய்க்கவில்லை.