புல் அறுக்காத குல்யாஷ்

குல்யாஷ் தன் பசுவையே அறுத்து, அந்த ரத்தச் சூட்டில் பனிக்கட்டியை உருக்கி மற்ற மாடுகளுக்குப் புல் காட்டுகிறாளாம். ரொட்டிக்கடைக்காரி தன் மச்சான் சொன்னதாகச் சொன்னாள். மச்சானுக்கு யாரோ லாரி ஓட்டுகிறவன் சொல்லியிருக்கிறான்.

"புருஷன் போனதுலேருந்தே அவளுக்குக் கொஞ்சம் கழண்டுதான் போச்சு டாக்டரம்மா" என்று ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள்.

மருந்துப் பையோடு கிளம்பிவிட்டேன். இந்த மலை ஊர் மருத்துவமனையில் பதினோரு குளிர்காலம் கழித்த பிறகும், ஒரு சேதி காதில் விழுந்தால் நேரில் போய்ப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியாது. முந்தின நாள் காலையில்தான் குல்யாஷின் உள்ளங்கையில் ஏழு தையல் போட்டு அனுப்பியிருந்தேன். கடப்பாறை வழுக்கிக் கிழித்த காயம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் மருமகளாக இந்தச் சரிவுக்கு வந்தவள். பதினான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில், குளிர்காலத்துக்குப் புல் அறுக்கப்போன கணவன் அமன்ஜோல் டிராக்டர் கவிழ்ந்து அடியில் சிக்கிச் செத்தான். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது டிராக்டரில் மாட்டிய புல்வெட்டியின் பற்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தனவாம். மூன்றாம் நாள் சம்மட்டியை எடுத்து அந்தப் பற்களை ஒவ்வொன்றாக நொறுக்கினாள். அதற்குப் பிறகு ஒரு கட்டுப் புல் அவள் அறுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

கோடை முழுக்க வடக்குச் சரிவில் ஒரு மாட்டையும் ஏறவிடமாட்டாள். இடுப்பளவு புல் நின்றபடியே காய்ந்து பனிக்கடியில் படுத்திருக்கும். பனி இறுகியதும் முதலில் குதிரைகளை விடுவாள். குதிரை முன்னங்காலால் தோண்டி, நுனியைக் கடித்துக்கொண்டு நடந்துவிடும். அது திறந்து வைத்த குழிகளில் பின்னாலேயே மாடுகள் மேயும். மாட்டுக்குத் தோண்டத் தெரியாது, மூக்கால் தள்ளத்தான் தெரியும்.

"புல்லுக்கட்டு இல்லாம மாடு வளக்கறதும் அடுப்பு இல்லாம ரொட்டி சுடறதும் ஒண்ணுதான்" என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

"என் அடுப்புக்கு நாலு காலு. உங்க வீட்டு அடுப்பைவிட நல்லாவே எரியுது" என்பாள்.

ஒரு மாடும் சாகாமல்தான் ஒவ்வொரு குளிர்காலமும் போயிற்று, இந்த வருஷம் கொழுந்தன் தோலேபெக் வந்து நிற்கும்வரை. கணவன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவள் அவனுக்கு வைத்த பெயர் 'சிரிப்புக்காரர்'. கைபேசியிலும் அதுதான்.

"அண்ணி, உங்க குதிரைங்க தின்னு தின்னு தொப்பை போட்டிருச்சு. கோக்பாருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"என் தொப்பையையும் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா சிரிப்புக்காரரே?"

"அதைச் சுமக்கற குதிரை இன்னும் பொறக்கலை அண்ணி. மூணே நாள். ஆட்டை ஜெயிச்சு உங்க வாசல்லதான் கொண்டாந்து போடுவேன்."

தலை வெட்டிய ஆட்டுக்காகக் குதிரைமேல் இருந்தபடி இரண்டு ஊர்க்காரர்கள் இழுபறி நடத்தும் ஆட்டம் அது. வருஷத்துக்கு ஒரு கழுத்தாவது முறியும். ஆனாலும் கொழுந்தன் கேட்டு அண்ணி மறுக்கிற வழக்கம் இங்கே இல்லை. ஒன்பது குதிரைகளில் வலுவான ஏழு லாரியேறின. மிஞ்சிய இரண்டும் சினை.

மூன்று நாள் ஆறு நாளானது. ஆறாம் நாள் ஜனவரியில் பெய்யவே கூடாத மழை பெய்து, இரவோடு இரவாக உறைந்துபோனது. விடிந்தபோது சரிவு கண்ணாடி. மாடுகள் மூக்கால் தள்ளின, மூக்கு கிழிந்தது. மிதித்தன, உடைந்த விளிம்பு கத்தியாகக் காலைச் சீவியது. குல்யாஷ் கடப்பாறையால் குத்திக் குத்தி ஒரு பாய் அகலத்துக்கு உடைத்தாள். முப்பத்தொரு வாய்க்கு ஒரு பாய்.

தையல் போட்டுக்கொண்டு திரும்பிய அன்று சாயங்காலமே கஸ்கா என்ற நெற்றிச்சுட்டிப் பசு வழுக்கி, இரண்டு பின்னங்காலும் விரிந்து விழுந்தது. இடுப்பு முறிந்துவிட்டது. உயிர் தானாகப் போவதற்குள், பிஸ்மில்லா சொல்லி அவளே கழுத்தை அறுத்தாள். ரத்தம் ஓடிய இடத்தில் பனி இளகி ஒரு கைப்பிடிப் புல் தெரிந்தது. கத்தியைத் துடைப்பதற்குள் ஒரு கிடாரி வந்து அந்தச் சிவந்த புல்லைப் பிடுங்கித் தின்றது. ரோட்டில் போன லாரிக்காரன் பார்த்தது அதைத்தான்.

நான் போனபோது அவள் இதைச் சொல்லிவிட்டு, "தங்கச்சி, சிரிப்புக்காரருக்குப் போடு" என்று கைபேசியை நீட்டினாள். நான் அவள் காதில் பிடித்தேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"அண்ணி! நாளைக்குக் கடைசி ஆட்டம்!"

"மாடு சாகுது. குதிரைங்களைக் கொண்டாங்க."

"ஒரே ஒரு நாள் அண்ணி. இப்ப எறங்குனா ஊர் மானம் போயிடும். அதுவரைக்கும் யார்கிட்டயாவது ரெண்டு கட்டுப் புல்லு வாங்கிப் போடுங்களேன்."

"தோலேபெக்!"

முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது.

"தோலேபெக், உன் அண்ணன் அந்தப் புல்லுக்குத்தாண்டா செத்தான்."

 அத்தோடு தொடர்பு அறுந்தது.

அவள் சினைக் குதிரைகளைப் பார்த்தாள். "சாம்பல் குதிரையை அவுத்துட்டு வா."

"அக்கா, வேணாம். அந்தப் பனிக்கட்டியில ஏத்துனா வயித்துல இருக்கற குட்டி கலைஞ்சிடும்."

"தெரியும். அது வயித்துல ஒண்ணு. கீழ நிக்கறது முப்பது."

கோட்டைக் கழற்றி என் தோளில் எறிந்துவிட்டு ஏறினாள். சரிவின் விளிம்பில் குதிரை மறுத்து நின்றது. தையல் போட்ட கையாலேயே சவுக்கை வீசினாள். அது பாய்ந்து, வழுக்கி, முட்டி குத்தி விழுந்து எழுந்தது. மறுபடி சவுக்கு. வெறிபிடித்தாற்போல முன்னங்கால்களைத் தூக்கி அறைந்தது. பனி சன்னல் கண்ணாடிகளாகச் சிதறியது. ஒரு அறை, ஒரு சவுக்கடி, ஒரு அறை. கட்டுத்துணி சிவந்து சொட்டியது. குதிரையின் காலிலிருந்து வழிந்தது எது, அவள் கையிலிருந்து வழிந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சிவப்புத் தடத்தின்மேல் முதலில் கிடாரி ஏறியது. பின்னால் மற்றவை. காய்ந்த புல்லை வேரோடு பிய்க்கும் சத்தம் கேட்டது.

அப்போது என் தோளில் கிடந்த அவள் கோட்டுக்குள் கைபேசி அடித்தது. திரையில் 'சிரிப்புக்காரர்'. குதிரைகளை ஏற்றிவிட்டேன் என்று சொல்ல இருக்கலாம். ஆட்டத்தில் அவனுக்கு ஏதோ ஆகி, அவன் கைபேசியிலிருந்து வேறு யாரோ பேசுவதாகவும் இருக்கலாம். எனக்கு அந்த இரண்டாவதுதான் நெஞ்சில் நின்றது.

"அக்கா, அவருதான்! எடுக்கவா?"

"எடுக்காதே! முதல்ல சரிவு முடியட்டும்!"

சவுக்கடி விழுந்தது. கைபேசி அடிப்பது நின்று, மறுபடி அடிக்க ஆரம்பித்தது.