நாய் குறுக்கே வந்த வழக்கு

அந்தத் தையல் கடையில் அவளை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மடிப்புத் துணியை அடுக்கிவைத்து, சாக்பீஸ் கோடு பிசகாமல் ஒரே மூச்சில் வெட்டுகிறவள். தம்பி முதல்நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையும் அவள் வெட்டியதுதான். இப்போது அவளுடைய வலது கட்டைவிரல் மடங்காது. கத்திரி பிடிக்க முடியாது. முதலாளி நல்லவர், துரத்தவில்லை. தைத்த துணிகளை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

கார் ஓட்டியவன் தம்பி. பக்கத்து சீட்டில் அவள். அவன் ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். "ரோட்டைப் பாருடா" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கார் பாலத்துச் சுவரில் போய் முட்டியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் தம்பி மனைவி வந்து கட்டிலருகே நின்றாள்.

"அண்ணி, போலீஸ் கேட்டா நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடுங்க. லைசென்ஸ் போச்சுன்னா இவர் வேலையும் போயிடும்."

கூடப் பிறந்தவனாயிற்றே. நாய் வந்தது என்றாள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்தும் போட்டாள். பாசம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடும்.

அந்த நாயின் புண்ணியத்தில் காருக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது. மூன்றே வாரத்தில் புது பம்பர், புது பெயின்ட். கைக்குத்தான் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விரல் மடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் செலவுக்கு நஷ்டஈடு கேட்கலாமா என்று ஒரு வக்கீலிடம் போனாள். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"கூட வந்தவங்களுக்கு வழி இல்லாம இல்லம்மா. இன்னொரு வண்டி மோதியிருந்தா அந்த வண்டியோட இன்சூரன்ஸ்ல கேக்கலாம். இங்க சுவர்தான் இருக்கு. உங்க பேர்ல விபத்து பாலிசி ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் எங்க சார் போட்டேன்."

"அப்ப ஓட்டினவர் இன்சூரன்ஸ்தான். தப்பு அவர் மேலன்னு நிரூபிக்கணும். நீங்களோ பழியை நாய் மேல போட்டுட்டீங்க. நாய்க்கு ஏது இன்சூரன்ஸ்? உங்க தம்பி வந்து உண்மையைச் சொல்லட்டும். குடுக்கப்போறது கம்பெனி, அவர் இல்ல."

தம்பியிடம் போனாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரேன்க்கா, சொல்றேன்" என்றான். அவள் நம்பினாள். அவனை நம்பியே பழகிவிட்டவள்.

இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணையில் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

"நாய் எதுவும் வரல சார். போன் பாத்துக்கிட்டே ஓட்டினான். அவனைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் தொண்டையில் சிக்கிய முள் இறங்கியது மாதிரி இருந்தது. அதிகாரி தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"நாய் வந்துச்சு சார். கறுப்பு நாய்." பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்பவும் வருத்தப்படுகிறவன் போலச் சொன்னான்: "அக்காவைத் தப்பா நினைக்காதீங்க. அன்னைக்குத் தலையில அடிபட்டதுல இருந்து இப்படித்தான், எதையாவது மாத்தி மாத்திப் பேசுறாங்க."

அன்று அவள் தலையில் ஒரு முடிகூடக் கலையவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. பின்வரிசையிலிருந்து தம்பி மனைவி எழுந்து வந்து அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

"பாருங்க சார், வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.