தட்டில் வளர்ந்த என் கட்டி

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. லோரியில் கிளீனராக ஏறினேன். இன்று இந்தக் கிள்ளான் நகரத்தில் என் பெயர் எழுதிய ஒன்பது லோரிகள் ஓடுகின்றன. நான் கை வைத்த எதுவும் வளராமல் போனதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

போன வருடம் என் குடலிலிருந்த புற்றுக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். ஈரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் ஆய்வுக்கூடத்துப் பெண் ஒரு தாளோடு வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவள்.

"வெட்டின கட்டியில கொஞ்சம் எங்க லேப்ல கண்ணாடித் தட்டுல வச்சு வளர்க்கப் போறோம் அங்கிள். உங்க ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு செல்லை எடுத்து, கட்டியைத் தாக்குற மாதிரி மாத்தி, அது மேல விட்டுப் பார்ப்போம். ஆராய்ச்சி மட்டும்தான். உங்க வைத்தியம் இதனால மாறாது."

"தூக்கிப் போட வேண்டியத தீனி போட்டு வளர்ப்பாங்களாம்லா," என்றாள் என் மனைவி.

"நிறைய பேரோடது தட்டுலயே செத்துடும் ஆன்டி."

"என்னோடது சாகாதும்மா," என்று கையெழுத்துப் போட்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். அவர்கள் வளர்த்ததிலேயே என்னுடையதுதான் வேகமாம். அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரரிடம்கூடப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். தோசை வந்தது. கை போகவில்லை. அங்கே அந்த வேகம் என்றால் ஈரலில் இருப்பது என்ன வேகத்தில் வளரும்? அன்றிலிருந்து சட்டைக்குள் கையை விட்டு வலது விலாவை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எதிர்ப்பு செல்லை விட்டுப் பார்த்த முடிவைக் கேட்க நானும் மனைவியும் நேரிலேயே போனோம். அந்தப் பெண் திரையில் காட்டினாள். கட்டி உருண்டை உருண்டையாக இருந்தது. சுற்றிலும் பச்சைப் புள்ளிகள். அவை என் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு செல்கள்.

"ஓரத்துல இருந்ததை எல்லாம் கொன்னுடுச்சு அங்கிள். நடுவுல போக முடியல."

"கட்டியும் இவர மாதிரிதான். யாரையும் உள்ள விடாது," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த செல்ல எனக்குள்ளயே விட்டா?" என்றேன்.

"தெரியாது அங்கிள். தட்டு வேற, உடம்பு வேற."

ஓடுகிற லோரியின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அவள் சொன்ன அந்தத் 'தெரியாது' நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

செல்லை வேறு விதமாக மாற்றி, தட்டிலிருக்கும் கட்டி மேல் மறுபடி விடப் போகிறார்களாம். அதற்கு ரத்தம் வேண்டுமாம். சட்டைக் கையை மடித்தேன்.

"ரெண்டு டியூப்பா எடுத்துக்கோம்மா."

"ஒண்ணு போதும் அங்கிள்."

"பரவால்லலா, எடுத்துக்கோ."